தலைகீழ் நாட்காட்டி

எந்த்ரே ரியோஸில் எங்கள் காலனிக்கு
வந்து சேர்ந்த பஞ்சாங்கம்
பூமியின் மேல்பாதிக்காக எழுதியது.
கீழ்ப்பாதியில் நாங்கள் பால் கறக்கிறோம்.

திஷ்ரேயில் புத்தாண்டு.
ஏட்டில் இலை உதிர்கிறது.
வாசலில் மலைவேம்பு ஊதாவாய்ப் பூத்து
தேனீக்களைக் கூப்பிடுகிறது.
ஏட்டுச் சுரைக்காய்தான்,
ஆனாலும் சமைத்துவிடுகிறோம்.
தேனில் தோய்க்கும் ஆப்பிள் மட்டும்
குளிர்கிடங்கில் ஆறு மாதம் தூங்கி வந்தது.

கூடாரத் திருநாள் முடிகையில்
மழை வேண்டி எழுந்து நிற்போம்,
எங்கள் வயலுக்கல்ல,
எங்களில் யாரும் பார்த்திராத நாட்டின் பார்லிக்கு.
அடுத்தவன் வயலுக்குக் கேட்கும் மழைதான்
மேலே முதலில் போய்ச் சேரும் என்றான்
என் மைத்துனன் நஃப்தூலே.
அந்த வாரம் ஆலங்கட்டி விழுந்து
எங்கள் மக்காச்சோளம் போயிற்று.
அதற்கும் ஒன்று சொன்னான்.
நான் காதில் வாங்கவில்லை.

ஷ்வாத்தில் மரங்களுக்குப் பிறந்தநாள்.
பனிக்கடியில் சாறு கண்விழிக்கிறதாம்.
இங்கே நாற்பது டிகிரி,
நிழலுக்காக மாடுகள் முட்டிக்கொள்கின்றன.
மறைபொருள் படித்தவர்கள் வகுத்தபடி
பழங்களைப் பிரித்து வைத்தேன்:
வெளியே ஓடு உள்ளவை,
உள்ளே கொட்டை உள்ளவை,
முழுதாய்த் தின்னத் தருபவை.
"நீ முதல் வகை" என்றேன் மகள் ப்ரைனாவிடம்.
"நீ இரண்டாவது" என்றாள்,
பையைத் தோளில் மாட்டியபடி.
ரொசாரியோ பேருந்து
அன்று பார்த்துச் சரியான நேரத்துக்கு வந்தது.

பெசாக் முடிந்தும் முடியாமல்
நாற்பத்தொன்பது இரவுகளை எண்ணவேண்டும்.
அன்புக்குள் கண்டிப்பு,
கண்டிப்புக்குள் அன்பு,
பொறுமைக்குள் இரண்டும்.
இங்கே இரவு ஒவ்வொன்றும்
முந்தையதைவிட நீளம்.
எண்ணி முடித்ததும் அவளைக் கூப்பிடுவேன்.
பதினொரு முறை எடுத்தாள்.
பதினேழாம் நாளை எண்ண மறந்தேன்.
ஒரு நாள் தவறினால்
மிச்ச நாட்களை ஆசிமொழி இல்லாமல்
வெறுமனே எண்ணவேண்டும்.
அப்படித்தான் அதன்பின் கூப்பிட்டதும்.

ஆவ் மாத ஒன்பதாம் நாள், உபவாசம்.
உறைபனியில் கால் வழுக்கி
இருபது லிட்டர் கேன் கவிழ்ந்தது.
ஆதியில் ஒளியைத் தாங்காமல் பாத்திரங்கள் உடைந்தன,
சிதறிய பொறிகள் எல்லாவற்றிலும் ஒளிந்திருக்கின்றன,
பொறுக்கியெடுப்பதே நம் வேலை என்பார்கள்.
மண்டியிட்டுத் தேடினேன்.
பூனைக்குக் கிடைத்தது.

அதற்கும் முன்னால் நடந்ததைச்
சுள்ளென்று குளிரும் ஒரு ராத்திரியில் நினைத்தேன்:
எங்கும் தானாக நிறைந்திருந்தவன்
உலகத்துக்கு இடம் வேண்டித்
தன்னைக் கொஞ்சம் சுருக்கிக்கொண்டான்.
எழுந்து போய்
ப்ரைனாவின் அறையில் நான் கொண்டுபோட்ட
தையல் மெஷினை வெளியே இழுத்தேன்.
தரையில் நான்கு கால் தடம்.
மொபைலை மாவு டப்பாவுக்குப் பின்னால் வைத்தேன்.
கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

எலூலில் ராஜா அரண்மனையை விட்டு
வயலுக்கு வருவாராம்,
யாரும் எதுவும் கேட்கலாமாம்.
இங்கே எலூல் என்றால் முழங்கால் சேறு.
நான்காம் நாள் ஒரு ஆள் வந்தார்,
வண்டி புதைந்துவிட்டது, கயிறு இருக்குமா என்று.
டிராக்டரால் இழுத்துவிட்டேன்.
பெயர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.
எதற்கும் இருக்கட்டும் என்று
ஒரு முழு வட்டப் பாலாடைக்கட்டியை நீட்டினேன்.
விலை விசாரித்து,
பணம் கொடுத்து,
மீதிச் சில்லறைக்காக
நின்றுகொண்டே இருந்தார்.