ஒரு நிமிடம் பன்னிரண்டாம் நொடி

லாரன்ஸ் ரோட்டில், மாடிப்படிக்குக் கீழே என் கடை.
பாட்டு வெட்டித் தருகிறேன்.
ஆண்டு விழாவுக்கு, வளைகாப்புக்கு,
சக்கர ஷூ கட்டி ஆடும் பிள்ளைகளுக்கு.
ஆறு நிமிடப் பாட்டை இரண்டரையாக்கி
தையல் தெரியாமல் ஒட்டிவிடுவேன்.
வெட்டி எறிந்த சரணத்தைத் தேடி
இதுவரை யாரும் வந்ததில்லை.

போன வருஷம் ஹேமப்ரியாவுக்கு ஒரு சினிமாப் பாட்டு.
அண்ணா ஸ்டேடியத்தின் சிமெண்டுத் தளத்தில்
அவள் எழும்பும் இடத்துக்காக
தவிலை அரை நொடி முன்னால் இழுத்து வைத்தேன்.
ஒரு நிமிடம் பன்னிரண்டாம் நொடி.
அடி விழும்போது அவள் தரையில் இருக்கமாட்டாள்.

வெள்ளி வாங்கினாள்.
பதக்கம் வந்த மூன்றாம் நாள்
வீடியோவின் வாயைக் கட்டிவிட்டார்கள்.
உரிமையாளர் கேட்டுக்கொண்டதால் ஒலி நீக்கப்பட்டது
என்று கீழே சின்னதாக ஒரு வரி.

அவள் அம்மா பெரியாஸ்பத்திரியில் நர்ஸ்.
இரவு டூட்டியில் ஓட்டிக் காட்டியிருக்கிறார்.
மூன்றாம் படுக்கைக்காரி கேட்டாளாம்:
"ஏம்மா, பொண்ணுக்குக் காது கேக்காதா?
பாட்டே இல்லாம இவ்ளோ ஆடுதே, பாவம்."

நானும் பார்த்தேன்.
சத்தமில்லாத கை, சத்தமில்லாத சிரிப்பு,
சத்தமில்லாமல் தட்டுகிற முதல் வரிசை.
என் விரல் மட்டும் மேஜையில்
தாளம் போட்டுக்கொண்டே போனது.
சரியான இடத்தில் எழும்பினாள்.

இந்த வருஷம் சங்கத்திலிருந்து ஒரு படிவம்.
இசையின் பெயர். இசையமைத்தவர். உரிமை யாரிடம்.
அனுமதிக் கடிதம் இணைக்கவும்.
குலோத்துங்கன் மாஸ்டர் சென்னைக் கம்பெனிக்கு எழுதினார்.
மரியாதையாகத்தான் பதில் வந்தது,
இரண்டரை நிமிடத்துக்கு ஒரு தொகையோடு.
அந்தக் காசில் நாலு ஜோடி ஷூ வாங்கலாம்,
சக்கரத்தோடு.

இலவசமாகக் கிடைப்பதைத் தேடினேன்.
இருநூறு கேட்டிருப்பேன்.
எல்லாமே நம்பிக்கையூட்டுகிற இசை.
ஒன்றுக்கு ஆடிப் பார்த்துவிட்டு அவள் சொன்னாள்:
"அண்ணா, லிஃப்டுக்குள்ள நிக்கிற மாதிரி இருக்கு.
எந்த மாடியும் வரல."

அப்புறம்தான் டோமினிக் சவரிராஜ்.
கல்யாண மண்டபங்களில் கீபோர்டு.
மூவாயிரம் ரூபாயும் ராத்திரிக்குப் பரோட்டாவும்.
ஸ்டேடியத்துக்கே வந்தார்.
படியில் உட்கார்ந்து மடியில் கீபோர்டை வைத்து
அவள் காலைப் பார்த்துப் பார்த்து வாசித்தார்.
நெல்லிக்குப்பம் பஸ் ஒன்று ஹாரன் அடித்துப் போனது,
அந்தச் சுரத்தையும் பிடித்து உள்ளே போட்டார்.
"டிரைவர் கேஸ் போடமாட்டான்."

இருபது ரூபாய்ப் பத்திரம்.
இருபத்திரண்டு வருஷம் அடுத்தவர் பாட்டை வாசித்தவர்
'இசையமைத்தவர்' என்ற சொல்லுக்கு நேராகத்
தன் பெயரை எழுதினார்,
இனிஷியலை ஒருமுறை அடித்துத் திருத்தி.
பேனாவை மூடாமல் கேட்டார்:
"தம்பி, இத நான் கல்யாணத்துல வாசிச்சுக்கலாம்ல?"
மாஸ்டர் என்னைப் பார்த்தார்.
நான் படிவத்தைப் பார்த்தேன்.
அதற்குக் கட்டம் இல்லை.
பத்திரத்தின் ஓரத்தில் எழுதினோம்: வாசிக்கலாம்.

நாலாவது இடம்தான் வந்தாள்.
வீடியோவில் சத்தம் அப்படியே இருக்கிறது.
மூன்றாம் படுக்கைக்காரி டிஸ்சார்ஜ் ஆகிவிட்டாள்.

தை மாதம் செம்மண்டலத்தில் ஒரு வரவேற்பு.
மொய்க் கவரில் பெயர் எழுதிக்கொண்டிருந்தேன்.
பட்டுச் சரிகையின் கனத்தோடு
மணப்பெண் மெல்ல நடந்து வந்தாள்,
கூடவே அந்த இசையும்.
பேனா நின்றுவிட்டது, எண்ண ஆரம்பித்துவிட்டேன்.
ஐம்பது.
ஒன்று ஐந்து, பஸ் ஹாரன்.
ஒன்று பத்து.

மணப்பெண் காலைத் தரையில்தான் வைத்தாள்.
மேஜைக்கு அடியில்
என் குதிகால் இரண்டும்
செருப்பை விட்டு எழும்பியிருந்தன.