க்காக

அன்றைக்கு ஹல் துறைமுகத்தில் மழை இல்லை.
நீதிமன்றத்தில் என் வக்கீல் மழை என்றார்,
உறைந்த கடல் என்றார், தபால் கப்பல் என்றார்.
நல்ல வெயில். ஹம்பர் ஆறு
தகரம்போல் கண்ணைக் குத்தியது.
பனி பெய்தது அங்கே, பின்லாந்தில், கெமியில்,
ஹெர்மன்னி தெர்வோனெனின் சவப்பெட்டி மேல்.

செவ்வாயன்று அவர் இறந்தார்.
வெள்ளியன்று நான் அவருக்காகக் கையெழுத்திட்டேன்.
சுரங்கத்துக்கு முட்டுக்கட்டைகள், பட்டை உரித்த பைன்,
ஆறரை அடி, நாற்பதாயிரம்,
பனி உடைந்ததும் வரும் முதல் கப்பலில்.
வாங்கியவள் விதவை தொரோகுட்.
பேனாவை அவளே நீட்டினாள்.
முனையில் ஒரு மயிர் சிக்கியிருந்தது. ஊதிவிட்டு எழுதினேன்:
தெர்வோனெனுக்காக, ஆம்ப்ரோஸ் ஹெசில்வுட்.

பதினோரு ஆண்டு இப்படித்தான்.
அவர் முகம் பார்த்ததில்லை.
கிறிஸ்துமஸுக்கு ஒரு தொட்டி உப்பு சால்மன் வரும்,
நூற்றுக்கு இரண்டு வரும்,
என் மனைவி பெயரைத் தப்பாக எழுதிய வாழ்த்து வரும்.
கை அவருடையது, நாக்கும் அவருடையது.
வயிறு மட்டும் எனக்கு.

கறுப்பு ஓரமிட்ட கடிதம் மார்ச்சில் வந்தது.
அதற்குள் நிலக்கரிக்காரர்கள் எல்லோரும் மரத்துக்கு அலைந்தார்கள்,
விலை ஏறிவிட்டது.
பிள்ளைகள் இருவரும் எழுதினார்கள்:
அப்பா போனபின் அப்பா பெயரில் பேசியவர்
யாரோ, எங்களுக்குத் தெரியாது.

விலை இறங்கியிருந்தால்
என்னைத் தெரிந்திருக்கும்.
‘ஆம், அது எங்கள் வாக்கு’ என்று
போன தேதிக்கே போய் உட்கார்ந்திருப்பார்கள்.

நீதிபதிக்குச் சளி. மூக்கைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:
நீர் பொய்யர் அல்ல.
ஆனால் பேனாவைத் தொட்டதுமே
வாய் திறக்காமல் ஒரு வாக்குக் கொடுத்தீர்,
எனக்கு அதிகாரம் உண்டு என்று.
அது செவ்வாயன்றே அவரோடு படுத்துவிட்டது.
அவளுக்கு ஆன நட்டம் உம்முடையது.

எழுநூற்றுப் பன்னிரண்டு பவுன். வழக்குச் செலவு தனி.

கேட்க நினைத்தேன்:
கயிற்றின் அந்த முனையை ஒருவர் விட்டுவிட்டது
இழுத்துப் பார்க்காமல்
இந்த முனைக்காரனுக்கு எப்படித் தெரியும்?
கேட்கவில்லை. தெரியாமை இங்கே செல்லாக்காசு என்று
வக்கீல் முன்பே சொல்லியிருந்தார்,
அதற்கும் கட்டணம் வாங்கிக்கொண்டு.

வெளியே படியில் விதவை தொரோகுட்
கையுறையை மாட்டிக்கொண்டிருந்தாள்.
அந்தப் பின்லாந்துக்காரரை எனக்கென்ன தெரியும்,
உங்களை நம்பித்தானே வாங்கினேன் என்றாள்.
பதினோரு ஆண்டில் என்னை நம்பியதாக
யாரும் சொன்னதில்லை.
தொப்பியைத் தூக்கி நன்றி சொல்லிவிட்டேன், மடையன்.

ஒப்பந்தத் தாள் என்னிடமே திரும்பி வந்தது.
யாரோ ஒரு குமாஸ்தா
தெர்வோனெனைச் சிவப்பு மையால் அடித்திருந்தான்.
என் பெயரை அடிக்கவில்லை.
நடுவில் அந்தக் ‘க்காக’ மட்டும்
மேலே கூரை இல்லாத முட்டுக்கட்டையாக
நிற்கிறது.

தொட்டியில் சால்மன் இன்னும் பாதி இருக்கிறது.
உப்பிட்டது. கெடாது.