அரக்கு

திருமலை மத்திய வீதியில் என் கடைக்கு
இறைவரிக்காரர் அரக்கு வைத்துப் போனார்கள்.
உள்ளே நளீரின் எட்டுக் குளிர்பெட்டிகள்,
அவுட்போர்ட் எஞ்சின் இரண்டு.
சுவர் என்னுடையது. சாமான் அரசினது.
ஐந்து மாத வாடகை
யாருடையதுமில்லை.

"வழக்குப் போடலாம்," என்றா லோயர் அருட்செல்வி.
"ஆனா வரிசையில வரி முன்னுக்கு நிக்கும்.
முற்பணத்தைக் கழியுங்கோ.
ஏலம் முடியுமட்டும்
இடத்துக்குக் கூலி கேட்டு எழுதலாம்."
எழுதினேன்.
கந்தோரில் முத்திரை குத்தி வாங்கிக்கொண்டார்கள்.

அவர்களின் பட்டியலில் பதினேழாவது
என் மின்விசிறி.
ரசீது தேடுகிறேன்:
கடல் வந்ததற்கு முந்தின வருஷம் வாங்கியது.

நேற்று நளீர் வந்து
திறக்கக்கூடாத கதவின் சாவியை நீட்டினான்.
"கரண்ட வெட்டிராதீங்க அக்கா,
மூணாம் பெட்டியில
பாரை கிடக்கு."

மீட்டர் என் பெயரில்.