காலி எடை

ஒத்தக்கடை தாண்டி மேலூர் ரோடு.
யானைமலை இன்னும் கறுப்பாகக் கிடக்கிறது,
முதுகில் மட்டும் ஒரு கோடு வெளிச்சம்.
எடைமேடைக் கொட்டகையில்
கம்ப்யூட்டர் மூன்றாம் முறையாக எழுந்துகொண்டிருக்கிறது.
வெளியே நெல்மூட்டையோடு நாலு லாரி.
முதல் வண்டி சோலைமலையுடையது.
அவன் ஹாரனில் கை வைக்கவில்லை.
வைத்திருந்தால் நன்றாயிருக்கும்.

கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து
மடை திறந்த கண்மாய் மாதிரி ஓடுகிறது.
எனக்கு வேண்டியது அதில் ஒரு வரி.
பதினொரு வருஷமாக
அது வருமிடம் தெரியும் எனக்கு:
பிராசஸர் பேர் சொன்ன பிறகு,
டிஸ்க்கைத் தேடுவதற்கு முன்னால்,
கொட்டாவி விட்டால் தவறிப்போகும் நேரத்தில்

மொத்தம் இவ்வளவு,
அதில் என் உடம்புக்கு இவ்வளவு,
கைச்செலவுக்கு இவ்வளவு,
யாருக்கும் தராமல் ஒதுக்கியது இவ்வளவு,
மிச்சம் உங்களுக்கு

என்று கிலோபைட் சுத்தமாகச் சொல்லும்.
வேலையைத் தொடங்குமுன்னே
தான் எடுத்துக்கொண்டதைச் சொல்லிவிடும் ஆளை
நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

போன வாரம் கெர்னலைப் புதுப்பித்தது நான்தான்.
இப்போதும் அந்த வரி வருகிறது.
மெமரி என்கிறது,
மிச்சத்தை மட்டும் சொல்கிறது,
அடைப்புக்குறி திறக்காமலே
அடுத்த வரிக்குப் போய்விடுகிறது.

நாலு ஜிபி போட்ட பெட்டி.
இரண்டுக்கும் கீழே காட்டுகிறது.
குறைவதை அது தின்றதா,
இல்லை ஒரு ரேம் ஸ்லாட்டிலேயே செத்துக் கிடக்கிறதா?

முன்பெல்லாம் விலாசங்களையும் சேர்த்தே அச்சடிக்கும்,
எது எங்கே தொடங்கி எங்கே முடிகிறதென்று.
அதை நிறுத்தினார்கள், சரி.
எந்த அறையில் பீரோ என்று
வாசலில் எழுதி வைப்பாரா யாரும்?
ஆனால் இது விலாசமில்லையே,
கணக்கு.

"எடை விழுந்தாச் சரி, அம்புட்டுத்தான?
அது என்ன சொன்னா நமக்கென்ன"
என்கிறார் தவமணி அண்ணாச்சி,
டீ கிளாஸை மானிட்டர் மேலேயே வைத்து.

மூடியைக் கழற்றினேன்.
நெல் தூசி, ஒரு பல்லி முட்டை ஓடு.
ரேமை உருவி, அதன் தங்கப் பற்களை
மகளிடம் கடன் வாங்கிய ரப்பரால் தேய்த்து,
டக்கென்று சத்தம் கேட்கும்வரை அமுக்கினேன்.
நாலாம் முறை எழுந்தது.
எண் ஏறியிருந்தது.
எவ்வளவு ஏறியது என்று தெரிகிறது,
எடுத்துக்கொண்டது எவ்வளவென்று
இன்னும் சொல்லவில்லை.
கடைசியில் மட்டும் பழைய குணம்:
எழுந்திருக்க வாங்கிய இடத்தை
எழுந்ததும் திருப்பித் தந்துவிட்டதாக ஒரு வரி.
அதை இரண்டு தரம் படித்தேன்.

சோலைமலை வண்டியை ஏற்றினான்.
சீட்டு வந்தது.
முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தான்.
"காலி எடை போடலையாண்ணே?"

மொத்த எடை ஒரு வரி, காலி எடை ஒரு வரி,
கீழே நெல்லின் எடை.
மேலிரண்டையும் சித்திரையில் எடுத்துவிட்டேன்.
பேப்பர் ரோல் மிச்சமாகும் என்றார் அண்ணாச்சி.
இரண்டாயிரம் வாங்கினேன்.
பத்து நிமிஷ வேலை.

"உள்ள கழிச்சிரும்" என்றேன்.
"எம்புட்டுன்னு?"

அவன் கதவில் பெயிண்டில் எழுதியிருந்த காலி எடையில்
நடு எண் உரிந்து போயிருந்தது.
நாலு, ஆறோ எட்டோ, ஐந்து, சைபர்.
அவன் என்னைப் பார்த்தான்,
நான் திரையைப் பார்த்தேன்.
சீட்டிலிருந்த ஒரே எண்ணைப்
பால்பாயிண்டால் உள்ளங்கையில் எழுதிக்கொண்டு
கியரைப் போட்டான்.

லாரி இறங்கியது.
மேடை ஒரு முறை முனகியது.
சைபருக்குப் போகவேண்டிய சிவப்பு எண்
முப்பதில் நின்று,
இருபதில் நின்று,
என்னவோ யோசித்துவிட்டு
அப்புறம்தான் போனது.