சுவருக்குள் இருப்பவை மட்டும்

சந்தியாகோவிலிருந்து வந்த இக்னாசியா
பழுப்புத் தாளைச் சுவரில் ஒட்டி
நடுவில் ஒரு கோடு கிழித்தார்.
இடப்பக்கம் பலம்.
வலப்பக்கம் பலவீனம்.
"இன்றைக்குச் சுவருக்குள் இருப்பவை மட்டும்" என்றார்.
"மழை, கடல், அமைச்சகம்,
சால்மன் பண்ணைகளின் ஆட்குறைப்பு
எல்லாம் நாளைக்கு. வேறு தாளில்."

சிலோவேயில் மழையைச் சுவருக்கு வெளியே நிறுத்துவது
அத்தனை எளிதல்ல.
கூட்ட அறையின் மூலையில் ஒரு வாளி
சொட்டுச் சொட்டாக மறுத்துக்கொண்டிருந்தது.

மஞ்சள் சீட்டுகள் தந்தார்கள்.
நாற்பத்திரண்டு கட்டில்கள், பலம்.
மெத்தை உள்ளவை முப்பத்தேழு, பலவீனம்.
புது எக்ஸ்ரே இயந்திரம் இடப்பக்கம் போனது;
படத்தைப் பார்த்துச் சொல்ல ஆளில்லையே என்று
யாரோ இருமினார்கள்.
எலிசேயோ நவெல்கினை எங்கே ஒட்டுவது என்று
அரைமணி நேரச் சண்டை.
கிழட்டுக் கொதிகலன் முனகும்போதே
எந்த வால்வு என்று காதால் சொல்லிவிடுவார்: பலம்.
அவரைத் தவிர யாருக்கும் அது கேட்பதில்லை: பலவீனம்.
கடைசியில் சீட்டைக் கோட்டின் மேலேயே ஒட்டினோம்.
அவர் எழுந்து போய்ப் பார்த்துவிட்டு
"பேரில் எழுத்துப்பிழை" என்றார்.

பிறகு திரையில் என் எண்கள் வந்தன.
நான் மிரெயா. முன்பதிவு மேசை.
பதினொரு வருடமாக நேரம் கொடுப்பவள்.
தீவுகளிலிருந்து வரவேண்டியவர்களில்
நூற்றுக்கு முப்பத்தெட்டுப் பேர் வருவதில்லை.
"நோயாளிகளின் பொறுப்பின்மை" என்று
டாக்டர் ஒயார்சூன் எழுதினார், அழகான கையெழுத்து.
"இது வெளியே இருப்பது" என்றார் இக்னாசியா.
நாளைய தாளுக்காக
மடித்து வைக்கச் சொல்லி
சீட்டை என்னிடம் நீட்டினார்.

மடிக்கும்போதுதான்
ஃபிடெலினா குயுல் ஞாபகத்துக்கு வந்தார்.
கோடையில் ஒருநாள்
இரண்டரை மணிவரை எதிர் பெஞ்சில் இருந்தார்,
காலடியில் கிளிஞ்சல் கூடை.
கடிகாரத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.
"சரி" என்று எழுந்து போனார்.
வந்தார், காத்திருந்தார், போனார் என்பதற்கு
என் கணினியில் பொத்தான் இல்லை.
இரண்டுதான்:
வந்தார்.
வரவில்லை.

படகு மூன்று மணிக்குத் திரும்புகிறது.
பதினொரு வருடமாக எனக்குத் தெரியும்.
காலை நேரங்கள் ஊர்க்காரர்களுக்குப் போய்விடும்;
ஏழு மணிக்கே வந்து கண்ணாடியைத் தட்டுவார்கள்,
என் அண்ணியும் தட்டுவாள்.
தீவுக்காரர்கள் போனில் மெதுவாகக் கேட்பார்கள்.
மிச்சமிருப்பது நாலு மணி.
சத்தம் போடாதவர்களுக்கு எப்போதும் நாலு மணி.

இது கடல் அல்ல.
அமைச்சகமும் அல்ல.
சுவருக்குள்ளே, கண்ணாடிக்குப் பின்னால்,
ஹீட்டரின் பக்கத்தில்
செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருக்கிறது.

எழுந்து போய் வலப்பக்கம் எழுதினேன்:
"படகு போன பிறகு நேரம் கொடுக்கிறோம்."
கொடுக்கிறேன் என்று எழுதப் போன கை
கடைசி எழுத்தில் பன்மைக்குள் ஒதுங்கிக்கொண்டது.
யாரும் எதுவும் சொல்லவில்லை.
வாளி மட்டும் பேசிக்கொண்டிருந்தது.

அறிக்கை வர இரண்டு மாதமானது. எழுபது பக்கம்.
ஐம்பத்திரண்டில் கண்டுபிடித்தேன்:
"நேர ஒதுக்கீட்டில் மேம்பாட்டுக்கு இடமுண்டு."
படகைக் காணோம்.
எலிசேயோ "தனிநபர் சார்பு அபாயம்" ஆகியிருந்தார்.
காட்டினேன். வாசித்தார்.
இந்தமுறை பிழை இல்லை என்றார்.

நேற்று ஃபிடெலினாவை அழைத்தேன்.
"செவ்வாய், காலை பத்தே முக்கால்" என்றேன்.
அந்தப் பக்கம் காற்று இரைந்தது. நாய் ஒன்று குரைத்தது.
நெடுநேரம் கழித்துக் கேட்டார்:
"ஏன்,
சாயங்காலம் டாக்டருக்கு எங்காவது போகணுமா?"