நான்கு நொடி மூச்சு

அந்தக் கொலையாளியின் குரல் என்னுடையது.
வூச் நகரில், மூடிப்போன நூற்பாலையின் இரண்டாம் மாடியில்,
சுவரெங்கும் நுரைப்பஞ்சு ஒட்டிய அறையில்
மூன்று நாள் நின்றபடி அழுதேன்.
மணிக்கணக்கில் கூலி.
முதல் நாள் எனக்குச் சளி.
"இருக்கட்டும்" என்றார் ஒலிப்பதிவு செய்த விதோல்ட்,
"குற்றவுணர்வு மாதிரியே கேட்கிறது."

பன்னிரண்டு பேரைக் கொன்றேன் என்ற வரியை
நாற்பது தடவை சொல்லியிருப்பேன்.
கடைசியாகக் கொன்றது ஒரு படகுக்காரியை.
அவள் பெயர் தொண்டையில் சிக்க வேண்டும்
என்று தாளில் குறிப்பு இருந்தது.
சிக்கவைத்தேன்.

"கொஞ்சம் குறைத்து அழு.
ஆடுகிறவருக்குச் சந்தேகம் வர வேண்டும்,
திருந்தியவனா, தப்பிக்கப் பார்ப்பவனா என்று."
எனக்கே தெரியவில்லையே என்றேன்.
"அதுதான்! அந்தக் குரல்தான்!"

சாவதற்குப் பதினெட்டு முனகல் கொடுத்தேன்.
பிழைப்பதற்கு ஒரே வரி:
இந்த உயிரை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

போன வாரம் ஹால்ஷ்கா அந்த இடத்துக்கு வந்து சேர்ந்தாள்.
இரவு டிராம் ஓட்டிவிட்டு வருகிறவள்,
கையுறை கழற்றிய சூடு ஆறுமுன் விளையாட உட்கார்ந்துவிடுவாள்.
திரையில் இடிந்த உப்புச் சுரங்கம்.
மண்டியிட்டபடி என் குரல்.
கீழே இரண்டு சொற்கள்:
வெட்டு.
விடு.

பீட்ரூட் சூப்பைக் கிண்டுவது போல
அடுப்படியில் நின்றேன். காது மட்டும் சுரங்கத்தில்.

"விட்டுவிடேன், பாவம்."
"எது பாவம்?" என்றாள், திரும்பாமலே.
"அவன் செய்ததா, அவனா?"

பிறகு:
"இங்கே வருவதற்குள் எத்தனை காவலாளிகளை வெட்டினேன் தெரியுமா?
முந்நூற்றுச் சொச்சம்.
ஒருவனும் வருந்தவில்லை, கெஞ்சவில்லை.
அவர்களுக்கு வசனம் எழுத
உங்கள் கம்பெனி யாருக்கும் காசு கொடுக்கவில்லை.
'ஹக்' என்று ஒரு சத்தம்.
எல்லோருக்கும் அதே சத்தம்.
இவனுக்கு மட்டும் அழத் தெரிகிறது என்பதற்காக
இவனை விட வேண்டுமா?"

அந்த 'ஹக்'கும் நான்தான்.
சொல்லவில்லை.

அவள் வெட்டவில்லை. விடவும் இல்லை.
அவனை அப்படியே விட்டுவிட்டுக் குதிரை ஏறினாள்.
இரண்டு மணி நேரம்,
பனிக்காடு, பாலம், எரிந்த ஊர்,
வந்த வழியெல்லாம் திரும்பி
முதல் நாள் பார்த்த ஆற்றங்கரைக்கு.
அங்கே படகுக்காரியின் மகள் ரொட்டி விற்கிறாள்.
"கொல்லப்பட்டது இவள் அம்மா.
என்னிடம் ஏன் மன்னிப்பு கேட்கிறான்? நான் யார்?"

பேச்சுப் பொத்தானை அழுத்தினாள்.
இன்றைக்குக் கம்பு ரொட்டி இருக்கிறது, என்றாள் மகள்.
மறுபடி அழுத்தினாள்.
இன்றைக்குக் கம்பு ரொட்டி இருக்கிறது.
அந்தப் பெண்ணுக்கு வேறு வரி எழுதப்படவில்லை.

இருந்த ரொட்டியையெல்லாம் வாங்கிக்கொண்டாள் ஹால்ஷ்கா.
வேறு என்ன செய்வது என்று அவளுக்கும் தெரியவில்லை.
சுரங்கத்துக்குத் திரும்பி, அவன் முன்னால் நின்று,
கட்டுப்பாட்டுக் கருவியை மெத்தையில் போட்டுவிட்டுத்
தூங்கப் போனாள்.

திரை அணையவில்லை.
யாரும் எதையும் அழுத்தாவிட்டால்
அவன் மூச்சு மட்டும் விடுவான்.
நான்கு நொடி, திரும்பத் திரும்ப.
மூன்றாம் நாள் சாயங்காலம் கடைசியாகப் பதிந்தது அது.
கடைசிப் பேருந்தை நினைத்துக்கொண்டு விட்ட மூச்சு.

உண்மையைச் சொல்கிறேன்.
அந்த மூன்று நாளில்
செத்த பன்னிரண்டு பேரை ஒருதரமும் நினைக்கவில்லை.
பதினொரு பேருக்குத் தாளில் பெயரே இல்லை.
என்னை விட்டுவிடுவார்களா என்பதையே
திரும்பத் திரும்ப நினைத்து அழுதேன்.
நன்றாக வந்தது.

மூன்று மணிக்குக் கருவியைக் கையில் எடுத்தேன்.
கட்டைவிரல் தானாக 'விடு' மேல் போய் உட்கார்ந்தது.
என் வழக்கு, என் குரல், என் விரல்.
எடுத்த இடத்திலேயே வைத்தேன்.

அடுத்த அறையிலிருந்து விடிய விடிய
என் மூச்சு என்னிடம் கேட்டுக்கொண்டே இருந்தது.
காலையில் பார்த்தேன்:
அவள் பையில் முப்பத்தொரு ரொட்டி.
ஒன்றும் காயவில்லை.