பக்கம் முப்பத்தெட்டு

புரோக்கி என்கிற பழஞ்சாமான் கடையில்
சணல் கயிறு போட்ட மாத இதழ்கள்,
கட்டு இரண்டு பிராங்.
தாளை நிறுத்து விற்பவனுக்கு
எழுபத்துநாலாம் ஆண்டு மார்கழி என்பது
கால் கிலோ.

எனக்கு வீடு.

லாங்கென்தால், மூன்றாம் மாடி, இரண்டரை அறை.
அந்த அரை எங்கே என்று இன்னும் தேடுகிறோம்.
சுவரில் ஆணி அடிக்கக்
கடிதம் எழுதி உத்தரவு கேட்கவேண்டும்.
ஆணி எதற்கு என்றது இதழ்:
ஏணியைச் சாய்த்து வை, அதுதான் அலுமாரி.
ஆறு பழப்பெட்டி, ஒரு டின் பச்சைப் பெயின்ற்.
படத்திலிருந்த பெண்
செம்மஞ்சள் காற்சட்டையில்
பெட்டிகளுக்கு நடுவே சிரித்தாள்,
இந்த மாத வாடகையைக் கட்டி முடித்தவள் போல.

ஓரமெங்கும் பென்சில்.
யாரோ ஒருத்தி.
இலக்கங்களை மட்டும் வாசிக்க முடிந்தது:
வெண்ணெய்க்கு எதிரே ஒரு விலை, அதை வெட்டிக் கோடு,
கீழே அதைவிடச் சின்ன விலை.
மற்றதெல்லாம் பழைய சாய்ந்த எழுத்து,
ஒன்றின் கையை ஒன்று பிடித்துக்கொண்டு ஓடுகிறது.
மொழி வகுப்பில் அதைச் சொல்லித் தரவில்லை.

பக்கம் முப்பத்தெட்டு:
மேசை இல்லாமல் எட்டுப் பேருக்கு விருந்து.
படுக்கையறைக் கதவைக் கீலிலிருந்து தூக்கு,
இரண்டு பெட்டி அடுக்கின்மேல் கிடத்து,
விரிப்பை நிலம் தொட விடு.
பக்கத்தில் பென்சில், மூன்று சொல்,
மூன்றுக்கும் அடியில் கோடு.
பாராட்டு என்று நினைத்தேன்.

நான் விருந்துக்கு அழைத்தது
எங்கள் கட்டிடத்தின் சலவை அட்டவணையை.
திங்கள், எரித்திரியாக்காரி செலாம்.
செவ்வாய், தவநிதியும் புருசனும்.
புதன் நாங்கள்.
வியாழன், ஹெர் ஆம்ஸ்டுட்ஸ்;
எந்திரத்தின் வடிகட்டியில் என் மகளின் தலைமயிரைக் கண்டு
கடித உறையில் போட்டுத் திருப்பித் தந்தவர்.

கதவென்றால் அதற்குக் கைப்பிடி இருக்கும் என்பதை
கதவைக் கிடத்திய பிறகுதான் யோசித்தேன்.
விரிப்புக்குக் கீழே ஒரு மூக்கு.
அதன்மேல் பாண் கூடையை வைத்தேன்.
சரிந்தது. சரிந்தபடி இருக்கட்டும் என்று விட்டேன்.

கிழங்குக் கறி, பருப்பு, தேசிக்காய் ஊறுகாய்,
இதழ் சொன்ன கரட் சலாது,
விளிம்பு பிசகியதால் மலிவாய்க் கிடைத்த
இந்த ஊர்ப் பீங்கான் தட்டுகள்.

ஆம்ஸ்டுட்ஸ் பாண் எடுக்கக் கூடையைத் தூக்கினார்.
அந்த இடத்தில் வைன் கிளாஸை வைத்தார்.
கிளாஸ் உடனே விழவில்லை.
கொஞ்சம் யோசித்துப் பிறகு விழுந்தது.

விரிப்பின்மேல் கை வைத்தார்.
பிடித்தார்.
அழுத்தினார்.

டொக் என்றது பூட்டு.
ஏழு பேரும் கேட்டோம்.

வாடகை ஒப்பந்தத்தில் எத்தனையாவது பத்தி என்று
அவர் சொல்லக் காத்திருந்தபோது
மகள் ஓடிப்போய் இதழைக் கொண்டுவந்து நீட்டினாள்.
நெற்றியிலிருந்த கண்ணாடியை இறக்கி
பென்சிலை மெல்ல வாசித்தார்:
முதலில் கைப்பிடியைக் கழற்று.

எழுந்து போய்விட்டார்.
படிகளில் இறங்கும் சத்தம்.
தவநிதி தன் தட்டையே பார்த்தாள்.
செலாம் சிந்திய வைன்மேல் உப்புத் தூவினாள்.
படிகளில் ஏறும் சத்தம்.
கையில் திருப்புளி.

ஆளுக்கொரு தட்டைத் தூக்கிப் பிடித்து
நின்றபடி சாப்பிட்டோம்,
அவர் விரிப்பை மடித்து, முழங்காலில் நின்று,
ஒவ்வொரு திருகாணியாய்ச் சட்டைப் பைக்குள் போட்டு
முடிக்கும் வரை.
இடையில் ஒரு தரம் வாயைத் திறந்தார்.
மகள் ஒரு கரண்டி பருப்பு ஊட்டினாள்.

நள்ளிரவில் கதவை மாட்டினோம்.
அறையெல்லாம் ஊறுகாய் மணம்.
எனக்கு நித்திரை வரவில்லை. இதழை எடுத்து
அவளுடைய மூன்று சொல்லுக்குக் கீழே
என் பென்சிலால், தமிழில்:

ஊறுகாய்ச் சாறு மரத்தில் பிடித்தால் போகாது.
மொத்தச் செலவு நாற்பத்தொரு பிராங் அறுபது.
கைப்பிடி வியாழக்கிழமையின் சட்டைப் பையில்.